சும்மா

கொடுங்கையூரில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே எங்கள் அறை.
படிக்கட்டுக்குக் கைப்பிடி இல்லை.
மின்விசிறிக்குக் கீழே காகிதம் விரிக்கக் கூடாது,
இங்கே உள்ள ஒரே சட்டம்.

பெரம்பூர் லோகோவில் ஃபிட்டராயிருந்த லாசரஸ்
மூக்குக்கண்ணாடிக்கு மேல் பூதக்கண்ணாடி வைத்துப் படிப்பார்.
ஞானசுந்தரி ஸ்டான்லியில் இரவுப் பணி முடித்து
நேராக வருவாள். டீ குடித்தால்தான் கண் திறக்கும்.
நான் வாரமெல்லாம் ராயபுரத்தில்
பிறத்தியார் சரக்குக்குப் பில் எழுதுகிறவன்.
மூன்று பேருக்கும் சொந்தமாய் ஒரு சதுர அடி கிடையாது.
வாடகை ரசீது உண்டு.

பழைய பதிவேட்டின் நகல்.
புல எண் நூற்று நாற்பத்தேழு, இரண்டு பி.
ஒன்றே முக்கால் ஏக்கர்.
விற்கக் கூடாது, விற்றாலும் வேறு சாதிக்குச் செல்லாது என்று
அன்றைக்கே எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறது.
பெயர் இருந்த இடத்தைக் கரையான் தின்றுவிட்டது.
பக்கத்துக் கட்டத்தில் சாதி
ஓர் எழுத்து குறையாமல் இருக்கிறது.

'அத மட்டும் தின்ன மாட்டேங்குது பாரு' என்றார் லாசரஸ்.
சிரித்தோம்.
பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

அந்த ஒன்றே முக்கால் இப்போது
மணலிக்கு வடக்கே கண்டெய்னர் யார்டு.
நீலம், துருச்சிவப்பு, ஐந்தடுக்கு.
அனல்மின் நிலையத்துச் சாம்பல் ராத்திரியெல்லாம் படியும்.
காலையில் அதைக் கூட்டுகிறவள் அபரஞ்சி.
மாசம் ஒன்பதாயிரம், ஞாயிறு பிடித்தம்.
கரையான் தின்ற பெயர் அவள் பாட்டனுடையது.
அதை நிரூபிக்க
ஒரு பிறப்புச் சான்று, இரண்டு இறப்புச் சான்று,
ஒரு சுடுகாட்டு ரசீது,
பதினாலு மாதச் சனிக்கிழமை.

முதல் நாளே கேட்டாள்:
'இதுக்கு உனக்கு எவ்ளோ குடுக்கறாங்கோ?'
'ஒண்ணுமில்ல.'
'அப்ப சும்மாவா வர்ற?'
'சும்மாத்தான்.'

நம்பவில்லை. நம்பாததும் நியாயம்.
சும்மா வந்து, சும்மா ஒரு கைநாட்டு வை என்றவன்தான்
நிலத்தைக் கொண்டுபோனான்.
எட்டு மாதம் நகல் மட்டுமே தந்தாள்.
அசல் வந்தது ஒன்பதாம் மாதம்,
ரேஷன் பையில், அரிசிக்கு அடியில்.

விசாரணை அன்று
வட்டாட்சியர் கோப்பை மூடி அதன்மேல் செல்போனை வைத்தார்.
'சும்மா கெடந்த நிலம்மா. கம்பெனி வந்து
நாலு பேருக்கு வேல குடுத்திருக்கு.'
'அந்த நாலு பேர்ல நானும் ஒருத்தி சார்.'
'திருப்பிக் குடுத்தா என்ன பண்ணுவ?
சாம்பல் பூமி. உனக்கு நாத்து நடத் தெரியுமா?'

பதில் நான் எழுதிக் கொடுத்திருந்தேன்.
காய்கறித் தோட்டம், கூட்டுறவுச் சங்கம், மகளிர் குழு,
தட்டச்சில் மூன்று பக்கம்.
அதை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

'தெரியாது சார்.
யார்டு வச்சிருக்கறவருக்கு நடத் தெரியுமான்னு கேட்டீங்களா?
குடுங்க.
சும்மா போட்டு வெப்பேன்.'

வட்டாட்சியர் என்னைப் பார்த்தார்,
ஏதோ நான் சொல்லிக்கொடுத்ததுபோல.
இல்லை என்று தலையாட்டக்கூடத் தோன்றவில்லை.
அடுத்த தேதி ஆடி கழித்து.

அந்தச் சனிக்கிழமை
அவளுக்கு எங்களிடம் ஒரு வேலையும் இல்லை.
யார்டுச் சீருடையோடு படியேறி வந்தாள்.
ஏன் வந்தாய் என்று யாரும் கேட்கவில்லை.
மேசைமேல் நூற்று நாற்பத்தெட்டு விரிந்துகிடந்தது,
வேறு யாருடையதோ.

'என்னா புழுக்கம், ஃபேனப் போடு' என்றாள்.
ஞானசுந்தரி சட்டத்தைச் சொன்னாள்.
போடு, நான் புடிச்சிக்கிறேன் என்று
எழும்பப் பார்த்த மூலைகள் இரண்டையும்
உள்ளங்கைகளால் அழுத்திக்கொண்டு உட்கார்ந்தாள்.

விரல் இடுக்கில் சாம்பல்.
லாசரஸ் படிக்கத் தொடங்கினார்.